எல்யூடி எண்ணிக்கை பார்த்து வாங்கிய போர்டும், எல்இடி எரிந்த போர்டும்

நேற்றிரவு என் முதல் எஃப்பிஜிஏ போர்டு வேலை செய்துவிட்டது. எஃப்பிஜிஏ என்பது உள்ளே இருக்கும் சுற்றை நாமே எழுதி மாற்றிக்கொள்ளக்கூடிய சிப். வாங்கி ஏழு மாதமாகிறது. அதில் ஆறு மாதம் அது அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. இடையில் இன்னொரு சிறிய போர்டு வாங்கி, அதில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் முதலாவதை எழுப்ப முடிந்தது. முதல் போர்டு தேடுகிறவர்கள் நான் போன சுற்று வழியில் போக வேண்டாம் என்பதற்காக, நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

மைக்ரோகன்ட்ரோலரில் நிரல் எழுதிப் பழக்கம் உண்டு. சால்டரிங் தெரியும். அந்தப் பழக்கத்தில், எஃப்பிஜிஏ போர்டையும் அதேபோல் தேடினேன். விலையை ஒரு பக்கம் எழுதி, சிப்பின் எல்யூடி எண்ணிக்கையை மறுபக்கம் எழுதி, எது மலிவு என்று வகுத்துப் பார்த்தேன். எல்யூடி என்பது இன்ன உள்ளீட்டுக்கு இன்ன விடை என்று எழுதிவைக்கும் சிறு அட்டவணை. எஃப்பிஜிஏவில் நாம் எழுதும் சுற்று முக்கியமாக இந்த அட்டவணைகளாலும், ஆளுக்கு ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஃபிளிப்-ஃப்ளாப்களாலும் ஆனது. எண் பெரிதானால் பெரிய சுற்று அடங்கும். அந்தக் கணக்கில் முதலிடம் பிடித்தது பழைய தலைமுறைச் சிப் ஒன்றைத் தாங்கிய போர்டு. பெயர் வேண்டாம். சிப்பில் குறையில்லை, நான் வாங்கிய காரணம்தான் தவறு.

பெட்டியில் போர்டு மட்டும்தான் இருந்தது. அதில் நிரலை ஏற்ற ஜேடேக் கேபிள் தனியாக வேண்டும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அதையும் மலிவானதாகப் பார்த்து வாங்கினேன். கணினியோடு பேச யூஎஸ்பி-யூஆர்ட் அடாப்டர் ஒன்று தேவைப்பட்டது; யூஆர்ட் என்பது பிட்களை ஒரு கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் முறை. மூன்றையும் கூட்டியபோது, பிறகு வாங்கிய சிறிய போர்டில் ஏறக்குறைய இரண்டுக்கான தொகை ஆகியிருந்தது. அடுத்து மென்பொருள். தயாரிப்பாளரின் இன்றைய பதிப்பு அந்தப் பழைய சிப்பை ஏற்காது. பல ஆண்டுகளுக்கு முந்தைய பதிப்பைத் தேடி எடுத்து நிறுவ வேண்டும். அது ஓட என் கணினியில் இல்லாத 32 பிட் நூலகங்கள் வேண்டும். இரண்டு இரவுகள் அதற்கே போயின.

ஒருவழியாக எல்லாம் ஓடியது. வெரிலாக் என்ற சுற்று விவரிப்பு மொழியில், எல்இடியைச் சிமிட்ட வைக்கும் பத்து வரி நிரலை எழுதி ஏற்றினேன். எல்இடி அசையவில்லை. தவறு எதில்? என் வெரிலாக்கிலா, பழைய மென்பொருளிலா, மலிவு கேபிளிலா, போர்டோடு கொடுத்த படத்தில் இருந்த சிப்பின் கால் எண்ணிலா? நான்கில் ஒன்றைக்கூட நம்ப எனக்கு ஆதாரம் இல்லை. ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றும் சந்தேகத்தில் நிற்கின்றன. பதினோரு மாலைகள் இப்படிப் போன பிறகு போர்டைப் பெட்டியில் வைத்து மூடினேன். அந்தப் பதினோரு மாலைகளில் வெரிலாக்கில் நான் புதிதாக ஒரு வரிகூடக் கற்கவில்லை. இன்று நினைத்தாலும் அதுதான் உறுத்துகிறது.

இரண்டாவது முறை வகுத்தல் கணக்கை விட்டுவிட்டேன். நிரலை எழுதி முடித்த கணத்திலிருந்து எல்இடி எரியும் வரை என்னென்ன படிகள், அதில் எத்தனை படிகளை நான் நம்பி மறந்துவிடலாம் என்று பார்த்தேன். நிரல் ஏற்றும் வசதி போர்டிலேயே இருக்க வேண்டும். மென்பொருள் உரிமக் கோப்பு கேட்காமல், இன்றைய கணினியில் ஓட வேண்டும். எந்தக் கால் எதற்கு என்ற அட்டவணை தெளிவாக, பலர் சரிபார்த்ததாக இருக்க வேண்டும். அதே யூஎஸ்பி வழியாக யூஆர்ட்டும் வர வேண்டும். இது வசதிக்காகச் சேர்த்த ஒன்று என்றே அப்போது நினைத்திருந்தேன்.

பார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐஸ்ஸ்டிக் போர்டில் 1280 எல்யூடி கொண்ட ஐஸ்40 சிப், 12 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் (சுற்றை நடத்தும் சீரான துடிப்பு), ஐந்து எல்இடி. திறந்த மென்பொருளால் முதலில் முழுமையாக வசப்பட்ட சிப் குடும்பம் இது. 2015இல் ஐஸ்ஸ்டார்ம் திட்டம் அதைச் சாத்தியமாக்கியது. ஐஸ்பிரேக்கர் அதே குடும்பத்தில் 5280 எல்யூடி கொண்டது. ஆவணங்கள் அருமை, விலை என் கைக்குச் சற்று மேலே. பேசிஸ் 3 கற்பிப்பதற்கென்றே செய்த போர்டு: 16 சுவிட்ச், 16 எல்இடி, நான்கு இலக்க ஏழு-துண்டுக் காட்டி, விஜிஏ. கம்பி எதுவும் மாட்டாமலே பாதிப் பாடத்தை முடிக்கலாம். டிஇ10-லைட் போர்டும் அதே வழி. பத்து சுவிட்ச், ஆறு இலக்கக் காட்டி. இந்த இரண்டில் ஒன்று கல்லூரி ஆய்வகத்தில் கிடைக்குமானால் வேறு எதையும் தேடாதீர்கள். சொந்தக் காசில் வாங்க எனக்குப் பல மடங்கு அதிகம்.

ஒரு ஆசை மட்டும் பலமாக இழுத்தது. எல்இடி திரைகளை இயக்கும் கலர்லைட் 5ஏ-75பி என்ற அட்டை. அதில் 24 ஆயிரம் எல்யூடி கொண்ட ஈசிபி5 சிப் இருக்கிறது, விலையோ மிகக் குறைவு. ஆனால் ஜேடேக் ஊசிகளை நாமே பற்றவைக்க வேண்டும். வெளியே வரும் கம்பிகள் பஃபர் சிப்கள் வழியாக ஒரே திசையில் போகின்றன; ஒரு பொத்தானை உள்ளே கொண்டுவர வேண்டுமானால்கூட அட்டையில் கைவைக்க வேண்டும். மூன்றாவது போர்டாக வாங்கலாம் என்று குறித்து வைத்தேன்.

வாங்கியது டாங் நானோ 9கே. கோவின் நிறுவனத்தின் சிப், 8640 எல்யூடி, 6480 ஃபிளிப்-ஃப்ளாப், 27 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், ஆறு எல்இடி, இரண்டு பொத்தான், எச்டிஎம்ஐ. யூஎஸ்பி-சி கம்பி ஒன்று போதும். மின்சாரம், நிரலேற்றம், யூஆர்ட் மூன்றும் அதிலேயே வருகின்றன. தயாரிப்பாளரின் கல்விப் பதிப்பு மென்பொருளுக்கு உரிமக் கோப்பு வேண்டாம். நான் திறந்த மென்பொருளைத் தேர்ந்தேன்: நிரலைச் சுற்றாக மாற்றும் சிந்தஸிஸுக்கு யோசிஸ், இடம் ஒதுக்கிக் கம்பி இணைக்க நெக்ஸ்ட்பிஎன்ஆர், கோவின் சிப்களுக்கான அபிகுலா, ஏற்றுவதற்கு ஓப்பன்எஃப்பிஜிஏலோடர். எல்லாம் ஓஎஸ்எஸ் காட் ஸ்யூட் என்ற ஒரே தொகுப்பில் கிடைக்கின்றன. விரித்து, பாதையில் சேர்த்தால் முடிந்தது.

முதல் அரைமணி நேரம் கம்பியில் போனது. போர்டின் மின்விளக்கு எரிகிறது, கணினிக்கோ போர்டு தெரியவில்லை. நான் எடுத்தது சார்ஜ் செய்வதற்கு மட்டுமான கம்பி, தரவு இழைகளே அதில் இல்லை. கம்பியை மாற்றியதும் தெரிந்தது. அடுத்து லினக்ஸ் அனுமதி மறுத்தது; சாதனங்களுக்கு அனுமதி தரும் யுடெவ் விதிக் கோப்பு ஒன்றைச் சேர்த்ததும் சரியானது. சிப்பின் பெயரைக் கட்டளையில் எழுதும்போது கடைசி எழுத்து வரை பார்த்து எழுதுங்கள், 9 வேறு, 9சி வேறு.

பிறகு எல்இடி. கால் ஒதுக்கீட்டுக் கோப்பில் கடிகாரத்துக்கு 52, எல்இடிகளுக்கு 10, 11, 13, 14, 15, 16. நடுவில் 12 இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸில் அரை விநாடி என்றால் 1,35,00,000 துடிப்புகள். அதுவரை எண்ணி, எல்இடியைத் திருப்பிப் போட வேண்டும். ஏற்றினேன். எல்இடி எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

முதல் போர்டாக இருந்திருந்தால் கேபிளிலிருந்து தொடங்கியிருப்பேன். இங்கே ஏற்றும் பாதை வேலை செய்கிறது என்பதற்கு எல்இடியின் நிலை மாறியதே சான்று. எனவே நிரலைத்தான் பார்க்க வேண்டும். நெக்ஸ்ட்பிஎன்ஆர் கொடுத்த அறிக்கையைத் திறந்தேன். அந்தச் சுற்றுக்கு இருபத்துச் சொச்சம் ஃபிளிப்-ஃப்ளாப் வேண்டும். அறிக்கையில் ஒன்றுகூட இல்லை. என் கவுண்டர் முழுவதும் காணாமல் போயிருந்தது. காரணம், கவுண்டருக்கு நான் கொடுத்த அகலம் 23 பிட். அதன் உச்சம் 83,88,607. அது 1,35,00,000ஐ எட்டவே முடியாது என்பதை யோசிஸ் கணக்கிட்டு, எல்இடி என்றைக்கும் மாறாது என்று முடிவுகட்டி, கவுண்டரையே நீக்கிவிட்டது. மாறாத பூஜ்யம் எல்இடிக்குப் போயிருக்கிறது. இந்தப் போர்டில் எல்இடிகள் பூஜ்யத்தில் எரிகின்றன, ஒன்றில் அணைகின்றன. அதனால்தான் எரிந்துகொண்டே இருந்தது. 23ஐ 24 ஆக்கினேன். சிமிட்டியது. அறிக்கையில் 25 ஃபிளிப்-ஃப்ளாப்: கவுண்டருக்கு 24, எல்இடிக்கு ஒன்று. அந்த 25ஐப் பார்த்தபோது வந்த நிம்மதி எல்இடியைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிது. நான் எழுதியது என்னவாக ஆனது என்பதை முதல்முறையாக எண்ணிப் பார்க்க முடிந்தது. பெட்டியைப் பிரித்ததிலிருந்து அதுவரை இரண்டரை மணி நேரம்.

மறுநாள் காலை போர்டைச் செருகினால் என் நிரல் அதில் இல்லை. பழுதாகிவிட்டதோ என்று பயந்தேன். ஓப்பன்எஃப்பிஜிஏலோடர் வழக்கமாக எஸ்ரேமில் ஏற்றுகிறது. மின்சாரம் போனால் நிரலும் போகும். நிலைத்திருக்க வேண்டுமானால் ஃப்ளாஷில் எழுதும்படி தனியாகச் சொல்ல வேண்டும். சோதனைகளுக்கு எஸ்ரேமே நல்லது, உடனே ஏறுகிறது. நிரலை மாற்றி எல்இடியில் பார்ப்பது வரை ஒரு சுற்றுக்குப் பத்து விநாடிகூட ஆவதில்லை. போர்டு தேர்வில் இதை யாரும் எழுதிவைப்பதில்லை. ஒரு மாலையில் நாற்பது முறை தவறு செய்து பார்க்க முடிந்தது இதனால்தான்.

பொத்தானை அழுத்தினால் ஆறு எல்இடிகளில் தெரியும் எண்ணிக்கை ஒன்றால் கூட வேண்டும் என்று அடுத்து எழுதினேன். ஒருமுறை அழுத்தினால் மூன்று கூடியது, சிலசமயம் ஐந்து. உலோகத் தகடு தொட்டு நிலைப்பதற்குள் பலமுறை துள்ளுகிறது. 27 மெகாஹெர்ட்ஸ் கண்ணுக்கு அது ஒவ்வொன்றும் தனித்தனி அழுத்தம். 20 மில்லி விநாடி நிலையாக இருந்தால்தான் ஏற்பது என்று வைத்தேன்: 5,40,000 துடிப்பு. இந்தமுறை அகலத்தை முதலிலேயே கணக்கிட்டேன். 19 பிட் 5,24,287 வரைதான் போகும்; 20 வேண்டும். பொத்தானின் சமிக்ஞை கடிகாரத்தோடு ஒத்து வருவதில்லை என்பதால் அதை இரண்டு ஃபிளிப்-ஃப்ளாப்கள் வழியாக உள்ளே எடுத்தேன். அதன்பின் ஒரு அழுத்தத்துக்கு ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வெளியே ஒரு 3.3 வோல்ட் உணரியை மாட்டப் போனேன். மாட்டுவதற்கு முன் ஏதோ தோன்றி, அதை மாட்டவிருந்த ஊசியை உயர்நிலையில் வைத்து மல்டிமீட்டரால் அளந்தேன். 1.8 வோல்ட் காட்டியது. சிப்பின் கால்கள் வங்கிகளாகப் பிரிந்திருக்கின்றன. எல்இடியும் பொத்தானும் இருக்கும் வங்கி இந்தப் போர்டில் 1.8 வோல்ட், ஓரத்திலுள்ள ஊசிகளில் சிலவும் அதில் சேர்ந்தவை. எந்தப் போர்டானாலும், எதையும் மாட்டும் முன் வங்கியின் மின்னழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

இனி யூஆர்ட். இதில்தான் அதிகம் கற்றேன், அதிகம் தடுமாறவும் செய்தேன். விநாடிக்கு 1,15,200 பிட். 27 மெகாஹெர்ட்ஸை அதால் வகுத்தால் ஒரு பிட்டுக்கு 234.375 துடிப்பு, 234 என்று வைத்தேன். பிழை 0.16 சதவீதம், பொருட்படுத்த வேண்டாம். சிப்பின் 17ஆம் கால் வழியே வெளியே போகிறது, 18 உள்ளே வருகிறது. கணினியில் இரண்டு தொடர் போர்ட்கள் தோன்றும்; முதலாவதைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றும் வரவில்லையே என்று அரைமணி காத்திருந்தேன். யூஆர்ட் இரண்டாவதில் வருகிறது.

ஏ முதல் இசட் வரை அனுப்பினேன். திரையில் வந்தது குப்பை. வேகம் பிசகியிருக்கும் என்று 234ஐ 233, 235 என்று மாற்றிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. மாறாதிருந்ததுதான் துப்பு. வேகப் பிழையென்றால் குப்பையும் மாற வேண்டும். மறுபடி உற்றுப் பார்த்தபோது, குப்பைக்கு நடுவே இரண்டு எழுத்துகள் மட்டும் தத்தம் இடத்தில் சரியாக இருந்தன: பி, இசட். ஜே வர வேண்டிய இடத்தில் ஆர் இருந்தது, ஆர் வர வேண்டிய இடத்தில் ஜே.

தாளை எடுத்து எழுதினேன். பி என்பது 66. இரும எண்ணில் 01000010. திருப்பிப் படித்தாலும் 01000010. இசட் 01011010, அதுவும் அப்படியே. ஜே 01001010, திருப்பினால் 01010010, அது ஆர். ஏ 01000001, திருப்பினால் 10000010, அதாவது 130, அச்சிடக்கூடிய எழுத்தே அல்ல. யூஆர்ட்டில் கடைசி பிட்டைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். நான் தலைப்பக்கத்திலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு எழுத்துகளில் முன்னும் பின்னும் ஒன்றாக இருப்பவை அந்த இரண்டு மட்டுமே. நகர்த்தும் திசையை மாற்றினேன், ஒரே வரி. இருபத்தாறும் வரிசையாக வந்து விழுந்தன.

போர்டிலேயே யூஆர்ட் இருந்ததால்தான் இது ஒரு மாலையில் முடிந்தது. ஆறு எல்இடியை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பிறகு சமிக்ஞைகளைப் பதிவு செய்து அலையாகக் காட்டும் எட்டு வழி லாஜிக் அனலைசர் ஒன்றும் வாங்கினேன், விலை போர்டைவிடக் குறைவு. விநாடிக்கு 2.4 கோடி மாதிரிகள் எடுக்கும். யூஆர்ட்டின் ஒரு பிட் 8.68 மைக்ரோ விநாடி, ஆக ஒரு பிட்டுக்கு 208 மாதிரிகள். பல்ஸ்வியூ மென்பொருளில் ஏ எழுத்தைப் பார்த்தபோது தொடக்கப் பிட்டின் பள்ளம், ஒரு மேடு, ஐந்து பிட் நீளப் பள்ளம், ஒரு மேடு, மறுபடி பள்ளம் என்று தாளில் எழுதியது அப்படியே அலையாக நின்றது. ஜேடேக் கேபிளுக்குக் கொடுத்த காசை முதலிலேயே இதற்குக் கொடுத்திருக்க வேண்டும்.

பொத்தான், கவுண்டர், இருதிசை யூஆர்ட் எல்லாம் சேர்ந்த என் சுற்றுக்கு ஆன எல்யூடி 230. மொத்தம் 8640இல் மூன்று சதவீதம்கூட இல்லை. ஐஸ்ஸ்டிக்கின் 1280இலேயே இடம் மிஞ்சியிருக்கும். எல்யூடி எண்ணிக்கை ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. பிகோஆர்வி32 போன்ற ஒரு சிறு ரிஸ்க்-ஃபைவ் செயலியை உள்ளே வைத்துப் பார்க்க ஆசை இருந்தால் சில ஆயிரம் வேண்டும், 9கேயில் அதற்கு இடம் உண்டு. முதல் ஆறு மாதத்துக்கு அந்த எண் ஒரு தடையாகவே வராது.

மறுபடி தொடங்கினால், நிரலைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனை முதல் நாளே பழகுவேன். பிட் வரிசைத் தவறு ஐகாரஸ் வெரிலாக்கில் ஓட்டி ஜிடிகேவேவில் பார்த்திருந்தால் போர்டைத் தொடும் முன்பே தெரிந்திருக்கும். கடிகார வேகத்தை நிரலின் தலையில் ஒரே இடத்தில் எழுதி, மற்ற எண்களை அதிலிருந்து கணக்கிட வைப்பேன். கவுண்டரின் அகலத்தையும் கையால் எழுதாமல் வெரிலாக்கிடமே விடுவேன்.

அந்த மாற்றங்களைச் செய்து முடித்த பிறகுதான் பழைய பெட்டியைத் திறக்கும் தைரியம் வந்தது. இப்போது வெரிலாக்கின்மேல் சந்தேகமில்லை, அது இன்னொரு போர்டில் ஓடிய நிரல். சிமிட்டும் நிரலுக்குப் பழைய மென்பொருள் தந்த அறிக்கையைத் திறந்தேன். 25 ஃபிளிப்-ஃப்ளாப் இருந்தது, அதுவும் சரி. கேபிள் சிப்பின் அடையாள எண்ணைப் படித்துக் காட்டியது. மிஞ்சியது கால் எண். போர்டோடு வந்த படம் கடிகாரத்தை 17ஆம் காலில் காட்டியது. மின்சாரத்தை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு முனையை, கடிகாரத் துடிப்பைத் தரும் ஆசிலேட்டரின் வெளியீட்டில் ஊன்றினேன். மறுமுனையில் தையல் ஊசி ஒன்றைக் கட்டிக்கொண்டேன். சிப்பைச் சுற்றி 144 கால்கள், கால்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர். பதினேழில் சத்தமில்லை. ஒவ்வொன்றாக நகர்த்தினேன். 23இல் ஒலித்தது.

கால் எண்ணை மாற்றினேன், யூஆர்ட் நிரலில் கடிகார வேகத்தை 50 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதினேன். 234 இருந்த இடத்தில் நிரலே 434 என்று கணக்கிட்டுக்கொண்டது. அடாப்டரை மாட்டி ஏற்றினேன். ஏ முதல் இசட் வரை, ஒன்றும் பிசகாமல் வந்தது.